எண்ணெய் வழியும் முகம்: தினமும் செய்ய வேண்டியது என்ன?

மாலை நேரம். கண்ணாடி முன்னால் ஒரு பெண் நிற்கிறாள்.

அவளுக்கு வயது 17. பிளஸ்-2 படிக்கிறாள். இன்னும் ஒரு மாதத்தில் அக்காளுக்குக் கல்யாணம்.

முகம் முழுவதும் எண்ணெய் மினுக்குகிறது. நெற்றியில் பரு. கன்னத்தில் பரு. தாடையில், பழைய பரு விட்டுப் போன கறுப்பு அடையாளம்.

காலையிலிருந்து ஐந்து முறை முகம் கழுவிவிட்டாள். ஐந்து முறையும் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். கொஞ்ச நேரம் முகம் வறண்டு, தோலை இழுத்துப் பிடித்தது போல இருக்கும். பிறகு பார்த்தால், மறுபடியும் எண்ணெய்!

"கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது என்னைக் கூப்பிடாதே அம்மா" என்கிறாள். குரல் உடைகிறது.

வீட்டுக்கு வீடு நடக்கிற கதை இது. எனவே அந்தப் பெண்ணுக்குப் பெயர் வேண்டாம். எந்தப் பெயரும் பொருந்தும். பையன்களுக்கும் பொருந்தும்.

ஆளுக்கொரு வைத்தியம்

பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"கடலை மாவை நல்லா அழுத்தித் தேய்டி. எண்ணெயெல்லாம் ஓடிப் போயிடும்" என்றார் பெரியம்மா.

"எலுமிச்சம்பழத்தை அறுத்து அப்படியே முகத்தில் தேய்" என்றார் அத்தை.

"பருவின் மேலே பற்பசையை வை. காலையில் அமுங்கிடும்" என்றான் தம்பி.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு சிறிய டியூப்பைக் கொண்டு வந்து கொடுத்தார். "மருந்துக் கடையில் கேட்டு வாங்கினேன். ஒரே வாரம். முகம் பளிச்சென்று ஆயிடும், பாரு!"

பெண் எல்லாவற்றையும் செய்தாள். மாவு தேய்த்த இடம் சிவந்தது. எலுமிச்சை எரிந்தது. பற்பசை வைத்த இடத்தில் தோல் உரிந்தது.

ஆனால் டியூப் வேலை செய்தது!

ஒரே வாரத்தில் சிவப்பு மறைந்தது. பரு அமுங்கியது. நிறம்கூடக் கொஞ்சம் வெளுத்தது. கல்யாணத்தன்று எல்லோரும் பாராட்டினார்கள். போட்டோவில் முன்வரிசையில் நின்றாள்.

பிறகு டியூப் தீர்ந்தது. சில நாளில் முகம் நெருப்பாக எரிந்தது. பரு முன்பைவிட இரண்டு மடங்காகக் கிளம்பியது. வெயில் பட்டால் முகம் தக்காளியாகச் சிவந்தது. பயந்து போய் இன்னொரு டியூப் வாங்கினாள். எரிச்சல் அடங்கியது. நிறுத்தினாள். மீண்டும் எரிந்தது.

மூன்றாவது டியூப் வாங்கும்போதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. மகளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அந்த டியூப்பில் என்ன இருந்தது? அதற்கு முன், முகத்தில் எண்ணெய் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

தோலுக்குள் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறுசிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. அது மயிர்க்கால் வழியாக மேலே வந்து தோலில் பரவுகிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பிகள் இல்லை. முகம், தலை, மார்பு, மேல் முதுகு ஆகிய இடங்களில் மிக நெருக்கமாக இருக்கின்றன. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 வரை இருக்கலாம்!

இந்த எண்ணெய் வீண் அல்ல. தோலுக்கு அது ஒரு மேற்பூச்சு. தோலை மிருதுவாக வைக்கிறது.

குழந்தைப் பருவத்தில் இந்தச் சுரப்பிகள் தூங்கிக்கொண்டிருக்கும். பருவ வயதில் உடம்பில் சில ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை சுரப்பிகளை எழுப்பிவிடுகின்றன. சுரப்பிகள் பெருக்கின்றன. எண்ணெய் கூடுகிறது. ஆண், பெண் இருவருக்கும் இப்படித்தான்.

அப்பா அம்மாவுக்கு எண்ணெய் வழியும் முகம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருவது சகஜம்.

சூடும் ஒரு காரணம். தோலின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் எண்ணெய்க் கசிவு சுமார் 10 சதவீதம் மாறுகிறது என்று 1970-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கத்திரி வெயிலில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் முகம் ஏன் வழிகிறது என்பது இப்போது புரியும். கடலோர ஊர்களில் வேர்வையும் லேசில் காயாது. எண்ணெயும் வேர்வையும் கலந்து முகம் பளபளக்கும்.

ஆகவே எண்ணெய் வழிவது அழுக்கு அல்ல. நோயும் அல்ல. முகம் கழுவாத சோம்பேறித்தனமும் அல்ல.

பரு எப்படி முளைக்கிறது?

தோலின் மேல்படை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் மயிர்க்காலின் வாயில் எண்ணெயோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. வாய் அடைபடுகிறது.

உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியே வர வழி இல்லை. தேங்குகிறது. எல்லோருடைய தோலிலும் குடியிருக்கும் ஒரு கிருமி அந்த எண்ணெயில் செழித்து வளர்கிறது. உடம்பு அதை எதிர்க்கிறது. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. அதுதான் பரு.

சிலருக்கு மூக்கின் மேல் கரும்புள்ளிகள் இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். அது அழுக்கு அல்ல! அடைப்பின் வாய் திறந்திருக்கிறது. வெளியே தெரியும் பகுதி காற்றுப் பட்டு, தோலின் நிறப்பொருளும் சேர்ந்து கறுத்துவிடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. தோல்தான் புண்ணாகும்.

தேய்த்தால் எண்ணெய் நிற்குமா?

நிற்காது.

சோப்பு, தோலின் மேல் இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும். உள்ளே இருக்கும் சுரப்பியை அது தொடாது. ஐந்து முறை கழுவினாலும் பத்து முறை கழுவினாலும் சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் எண்ணெய் திரும்ப வந்துவிடும்.

இடையில் தோலுக்குத்தான் நஷ்டம். தோலுக்கு இயற்கையாகவே லேசான புளிப்புத் தன்மை உண்டு. சாதாரண சோப்புக் கட்டியோ காரத் தன்மை உள்ளது. அடிக்கடி போட்டால் தோலின் காப்பு குலைகிறது. தோல் வறண்டு, இழுத்து, எரிகிறது. மேலே வறட்சி, உள்ளே எண்ணெய் என்று இரண்டு கஷ்டமும் சேர்ந்துகொள்கின்றன.

போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளைப் பிசுக்காகத் தோலில் படியும். அந்த வீடுகளில் முகத்துக்கு மட்டுமாவது சோப்பு கலக்காத ஃபேஸ் வாஷ் நல்லது.

அடுக்களை வைத்தியம் சரியா?

கடலை மாவும் பயத்த மாவும் எண்ணெயை உறிஞ்சும். நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, மெதுவாகப் பூசிக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தீங்கு இல்லை. அரப்புத் தேய்ப்பது போலத் தேய்த்தால்தான் ஆபத்து. கொரகொரப்பான மாவு தோலைக் கீறிவிடும். பரு உள்ள முகத்தில் எதையும் தேய்க்கக் கூடாது.

எலுமிச்சம்பழம் சாதத்துக்கு நல்லது. முகத்துக்கு ஆகாது. அதன் சாறு கடும் புளிப்பு. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் உள்ள ஒருவகைப் பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். கொப்புளம் வரலாம். கறுப்புத் திட்டு விழுந்து மாதக்கணக்கில் இருக்கலாம்.

பற்பசை பல்லுக்கு. பருவின் மேல் வைத்தால் தோல் எரிந்து உரியும். சமையல் சோடாவும் அப்படியே.

அந்த டியூப்பில் இருந்தது என்ன?

டாக்டர் டியூப்பை வாங்கிப் பார்த்தார். பொடி எழுத்தைப் படித்தார்.

"இதில் ஸ்டீராய்டு இருக்கிறது அம்மா" என்றார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. சில தோல் வியாதிகளுக்கு டாக்டர்களே அதைத் தருகிறார்கள். இத்தனை நாள், இவ்வளவுதான் பூச வேண்டும் என்று அளவு சொல்லித் தருகிறார்கள். பருவுக்கும் நிறத்துக்கும் இஷ்டம் போலப் பூசினால்தான் விஷமாகிறது.

ஸ்டீராய்டு, தோலில் உள்ள சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வீக்கத்தை அடக்குகிறது. எனவே சிவப்பு மறைகிறது. முகம் வெளுத்தது போலத் தெரிகிறது. பூசுகிறவர் மகிழ்ந்து போகிறார்.

நாள்பட்டால் தோல் மெலிகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து சிவப்புக் கோடுகளாகத் தெரிகின்றன. சிலருக்கு முகத்தில் ரோமம் முளைக்கிறது. பரு பெருகுகிறது. நிறுத்தினால் எரிகிறது. பூசினால் அடங்குகிறது. முகம் அந்த மருந்துக்கு அடிமையாகிவிடுகிறது!

இது எங்கோ ஒருவருக்கு வரும் துன்பம் அல்ல. இந்தியாவில் 12 இடங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. முகத்தில் தோல் கோளாறு என்று வந்த 2,926 பேரை டாக்டர்கள் விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, நூற்றில் சுமார் 15 பேர்.

2018 மார்ச் மாதம் மத்திய அரசு நடவடிக்கை எடுத்தது. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த டியூப், கை மாறி அடுத்த வீட்டுக்குப் போவதைச் சட்டம் தடுக்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் தடுக்க வேண்டும்.

பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகளில் சில. டியூப்பில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடியாதவர்கள், கடைக்காரரிடம் "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இருக்கிறது என்றால், டாக்டர் சொல்லாமல் முகத்தில் பூசக் கூடாது.

பெயரில்லாத டப்பா

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தயாரித்தவர் பெயர் இல்லாமல், என்ன கலந்திருக்கிறது என்ற விவரமும் இல்லாமல் சில வெளுப்புக் கிரீம்கள் விற்கின்றன. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது!

பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போகும். சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிய வந்தது.

முகம் வெளுக்கப் பூசியது, சிறுநீரகத்தில் போய் முடிந்தது. பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

டாக்டர் சொன்ன ஒழுங்கு

"இனி என்ன பூச வேண்டும் டாக்டர்?" என்று கேட்டாள் பெண்.

"பூசுவதைக் குறைக்க வேண்டும்" என்றார் டாக்டர்.

ஸ்டீராய்டை விடுவிக்க அவர் தனியாக மருந்து கொடுத்தார். ஸ்டீராய்டு பூசிப் பழகிய முகத்துக்கு டாக்டரின் மேற்பார்வை அவசியம். போகும்போது பூசிய டியூப்பையும் மறக்காமல் கையில் கொண்டு போக வேண்டும்.

முகம் தேறிய பிறகு ஒரு தினசரி ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தார். எண்ணெய் வழியும் முகம் உள்ள எல்லோருக்கும் ஏற்ற ஒழுங்கு அது. காலையில் மூன்று வேலை. இரவில் மூன்று வேலை. அவ்வளவுதான்.

காலையில்

முதல் வேலை, கழுவுவது. கையை முதலில் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீரில் முகத்தை நனைத்து, மென்மையான ஃபேஸ் வாஷைக் கடலை அளவு எடுத்து, விரல் நுனியால் அரை நிமிஷம் தடவ வேண்டும். நார், பிரஷ், கொரகொரப்பான துணி எதுவும் வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்துத் தேய்க்கக் கூடாது. அந்தத் துணி அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, ஈரப்பசை தரும் மாய்ஸ்சரைசர். "எண்ணெய் வழிகிற முகத்துக்கு அது எதற்கு?" என்று பலர் கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் வழிகிற தோலும் உள்ளே ஈரம் இல்லாமல் வறளலாம். பரு மருந்து பூசுகிறவர்களுக்கு வறட்சி இன்னும் கூடும். கெட்டியான கிரீம் வேண்டாம். தண்ணீர் போன்ற லோஷனோ ஜெல்லோ போதும். 'நான்-காமெடோஜெனிக்' என்று டப்பாவில் போட்டிருந்தால், மயிர்க்காலை அடைக்காதபடி செய்தது என்று பொருள்.

மூன்றாவது வேலை, வெயில் காப்பு. இதைச் சன்ஸ்கிரீன் என்கிறார்கள். நம் மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்பு அடையாளம் நிற்கிறது. வெயில் பட்டால் அந்தக் கறுப்பு இன்னும் ஆழமாகும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எஸ்.பி.எஃப் 30 என்று போட்ட ஜெல் வகை போதும். வெயிலில் தோலைப் பொசுக்கும் கதிர்களில் அது 100-க்கு 97 பங்கைத் தடுக்கிறது. ஆனால் தாராளமாகப் பூசினால்தான் அந்தப் பலன். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். நெடுநேரம் வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணிக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். குடையும் தொப்பியும் உதவும்.

பகலில்

பகலில் எண்ணெய் வழிந்தால் மெல்லிய கைக்குட்டையாலோ காகிதத்தாலோ ஒற்றினால் போதும். மறுபடியும் சோப்பு வேண்டாம். விளையாடியோ உழைத்தோ நன்றாக வேர்த்தால் மட்டும் ஒரு முறை கழுவலாம்.

பவுடர் மினுக்கத்தைக் கொஞ்சம் மறைக்கும். பருவைத் தீர்க்காது. எண்ணெயின் மேலேயே அடுக்கடுக்காக அப்பினால் முகம் திட்டுத் திட்டாகத் தெரியும். மெல்லியதாகப் போட்டு, இரவில் கழுவிவிட வேண்டும்.

இரவில்

முதலில், காலையில் போலவே கழுவ வேண்டும். பவுடரோடும் மையோடும் படுக்கக் கூடாது.

இரண்டாவது, பரு இருந்தால் மருந்து. பரு இல்லாமல் எண்ணெய் மட்டும் வழிந்தால் மருந்தே வேண்டாம்.

மூன்றாவது, காலையில் பூசிய அதே மாய்ஸ்சரைசர்.

எந்த மருந்து எதற்கு?

சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். ஆகவே எண்ணெய் அடைத்த மயிர்க்காலுக்குள் புகுந்து அடைப்பை இளக்கும். கரும்புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கு ஏற்றது. 2 சதவீதம் வரை கலந்த ஃபேஸ் வாஷ்கள் கடைகளில் கிடைக்கின்றன.

பென்சாயில் பெராக்சைடு கிருமியை ஒடுக்கும். சிவந்த பருவுக்கு ஏற்றது. பெரிய எண்ணைத் தேடி வாங்க வேண்டியதில்லை. 2.5 சதவீத மருந்தே 10 சதவீத மருந்துக்கு ஈடாகப் பருவைக் குறைக்கிறது. எரிச்சலோ குறைவு. இது துணியின் சாயத்தை வெளுக்க வைக்கும். எனவே வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் நல்லது.

அடாபலீன் என்பது மயிர்க்கால் அடைபடாமல் தடுக்கும் மருந்து. இதை டாக்டர் சொல்லித்தான் பூச வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் பூசக் கூடாது.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், கடலை அளவு போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிப் பூசினால், எரிந்தது எது, குணமாக்கியது எது என்று தெரியாமல் போய்விடும்.

தலையெண்ணெயும் தலையணையும்

தலைக்கு எண்ணெய் வைப்பது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் நெற்றியில் வழிந்து இரவெல்லாம் நின்றால், மயிரோரமாகச் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். எண்ணெயை முடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முடியை முகத்தில் விழாமல் கட்ட வேண்டும்.

எண்ணெய்க் குளியல் அன்று முகத்தில் வழிந்த எண்ணெயை நன்றாகக் கழுவிவிட வேண்டும். சீயக்காயால் முகத்தைத் தேய்க்கக் கூடாது.

தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும். ஹெல்மெட்டின் உள்துணி, தாடையில் படும் பட்டை ஆகியவற்றையும் துடைத்து வைக்க வேண்டும். முகச்சவரம் செய்யும் பையன்கள், பருவின் மேல் பிளேடை அழுத்தக் கூடாது.

பருவைக் கிள்ளவே கூடாது! கிள்ளினால் உள்ளே இருப்பது பாதி வெளியே வரும். மீதி தோலுக்குள் ஆழமாகச் சிதறும். பரு ஒரு வாரம். குழித் தழும்பு ஆயுள் முழுவதும்.

சாப்பாட்டில் என்ன?

வடை தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வடியும் என்று சொல்வது உண்டு. அப்படி நேர்வழி கிடையாது. முகத்து எண்ணெயைச் சுரப்பிகள் தாமே தயாரிக்கின்றன.

சாக்லேட் தின்றால் பரு வருமா என்று அமெரிக்காவில் 65 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1969-ல் முடிவு வெளியாயிற்று. "வராது" என்றார்கள். ஆனால் ஒப்பிடுவதற்குக் கொடுத்த மற்ற மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைய இருந்தன. அந்தச் சோதனையை நம்ப முடியாது என்று பிறகு பலர் குறை கூறினார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2007-ல் இன்னொரு சோதனை வெளியாயிற்று. பரு உள்ள 43 இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 12 வாரம், சர்க்கரையை ரத்தத்தில் சட்டென்று ஏற்றாத உணவைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது.

ஆகவே இனிப்பு, சர்க்கரை போட்ட பானம், மைதா தின்பண்டம் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. முகத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

எத்தனை நாள் ஆகும்?

இங்கேதான் பலர் தோற்றுப் போகிறார்கள்.

இன்று கண்ணுக்குத் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே அடைபடத் தொடங்கியது. ஆகவே மருந்து பூசிய மறுநாளே பலன் தெரியாது. 8 வாரம் முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வறட்சியும் உரிதலும் இருக்கலாம். அப்போது மருந்தை இடைவெளி விட்டுப் பூசலாம்.

"ஒரே வாரத்தில் குணம்!" என்று எந்த டியூப் சொல்கிறதோ, அந்த டியூப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

பரு கட்டி கட்டியாக வலித்தால் போக வேண்டும். குழித் தழும்பு விழத் தொடங்கினால் உடனே போக வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் போக வேண்டும்.

பெண்ணுக்கு மாதவிலக்கு தாறுமாறாக வந்து, மோவாயிலும் மேலுதட்டிலும் ரோமம் வளர்ந்தால், அது ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதற்குக் கிரீம் போதாது. டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. நல்ல பலன் தரும். ஆனால் கர்ப்பத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குப் பெரும் ஊனம் வரலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பரு வந்த பிள்ளைக்கு அது முகத்தில் இருப்பது தெரியும். கண்ணாடி தினமும் சொல்கிறது. வீட்டில் உள்ளவர்களும் சொல்ல வேண்டியதில்லை.

"என்னடி முகம் இப்படி வழியுது?" என்று விருந்தாளி கேட்கும்போது, அம்மா பேச்சை மாற்றலாம். "இந்த முகத்தை யார் கட்டிப்பான்?" என்ற கேலியை அப்பா அங்கேயே நிறுத்தலாம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பெயர் தெரியாத டியூப்பைத் தேடிப் போகிறார்கள்.

கதையில் வந்த பெண் என்ன ஆனாள்?

முதல் மாதம் கஷ்டப்பட்டாள். எரிச்சல் தாங்காமல் அழுத நாளும் உண்டு. அம்மா மிச்சம் இருந்த டியூப்பைப் பூட்டி வைத்தார். பக்கத்து வீட்டு அக்காவிடமும் டாக்டர் சொன்னதைப் போய்ச் சொன்னார். அந்த அக்காவும் பயந்து போய் மறுநாளே டாக்டரிடம் போனார்.

நாலைந்து மாதத்தில் எரிச்சல் அடங்கியது. பரு குறைந்தது. கறுப்பு அடையாளம் மெல்ல மங்குகிறது.

மத்தியானம் ஆனால் இப்போதும் அவள் நெற்றியில் எண்ணெய் மினுக்குகிறது. கைக்குட்டையை எடுத்து ஒற்றுகிறாள். தோழிகளோடு பேசிக்கொண்டே நடக்கிறாள்.

அக்காளின் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா வந்தது. போட்டோ எடுக்க ஆள் வந்தபோது யாரும் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் வந்து நின்றாள்.